2025 ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முன்னால்: ஒரு பஞ்சாயத்துத் தலைவியின் வ்லாக்

எல்லாருக்கும் வணக்கம். தென்காசி மாவட்டத்தில் இருந்து உங்கள் பஞ்சாயத்துத் தலைவி பேசுகிறேன். பின்னால் கேட்பது போர்வெல் மோட்டார் சத்தம். வாட்டர் டேங்குக்குக் கீழே நின்றுதான் பேசுகிறேன். இன்றைக்குச் சொல்ல வேண்டியதில் பாதி தண்ணீர் விஷயம்தான், அதனால் இங்கேயே வந்துவிட்டேன்.

வருகிற 15ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, கிராம சபை. எந்த வேலை முடிந்தது, எது நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று அதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் பார்க்கிறீர்கள், சந்தோஷம். ஊரில் இருக்கிற அண்ணாச்சிமாரிடமும் அக்காமாரிடமும் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே கமெண்டில் கேட்டால் நான் பதில் சொல்வேன், ஆனால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. சபையில் எழுந்து கேட்டால்தான் தீர்மானப் புத்தகத்தில் ஏறும். புத்தகத்தில் ஏறியதை வைத்துத்தான் நான் வட்டார வளர்ச்சி அலுவலர் (பிடிஓ) ஆபீஸில் போய் உட்கார முடியும்.

சரி, தண்ணீர். ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்துத்தான் வீட்டுக்கு வீடு குழாய் போட்டார்கள். குழாய் எல்லாத் தெருவுக்கும் வந்துவிட்டது. தண்ணீர் எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரி வரவில்லை. வாருங்கள், கடைசித் தெருவுக்கு நடந்துகொண்டே பேசுவோம்.

இந்தக் குழாயைப் பாருங்கள். திறந்துவிட்டேன். சுண்டுவிரல் கனத்துக்குக் கூட வரவில்லை, ஒரு குடம் நிறைவதற்குள் கால் வலிக்கும். டேங்கில் தண்ணீர் இருக்கிறது, நீங்களே இப்போது பார்த்தீர்கள். வழியில் சில வீடுகளில் மெயின் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். முன்னால் இருக்கிற நான்கு வீடு உறிஞ்சினால் பின்னால் இருக்கிற நாற்பது வீட்டுக்குக் காற்றுதான் வரும். யார் வீடு என்று வீடியோவில் சொல்ல மாட்டேன், அது முறையில்லை. ஆனால் சபையில் இது முதல் பொருளாக வருகிறது. மோட்டார் மாட்டினால் இணைப்பைத் துண்டிப்பது என்று தீர்மானம் போடக் கேட்கப் போகிறேன். கடைசித் தெருக்காரர்கள் அன்றைக்கு வரவில்லை என்றால் அந்தத் தீர்மானம் நிற்காது. தண்ணீர் கிடைக்கிற தெருக்காரர்கள் மட்டும் கை தூக்கி இதை நிறைவேற்றுவார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா?

அப்புறம், தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற கேட் வால்வு நேரத்தை மாற்றியிருக்கிறோம். கடைசித் தெருவுக்கும் காலனிக்கும் காலையில் முதலில் விடுகிறோம், டேங்க் நிறைந்து அழுத்தம் இருக்கிற நேரம் அதுதான். மேலத் தெருவுக்கு அதற்குப் பிறகு. மேலத் தெருவில் கொஞ்சம் கோபம் இருக்கிறது, தெரியும். இத்தனை வருஷம் காலைத் தண்ணீர் உங்களுக்குத்தான் வந்தது, இனிமேல் அவர்களுக்கும் வரட்டும்.

இங்கேயே ஒன்று காட்டுகிறேன். இது குளோரின் சோதனைப் பெட்டி. கடைசிக் குழாயில் பிடித்த தண்ணீர் இந்தச் சின்னக் குப்பியில் இருக்கிறது. மருந்தைச் சொட்டு விடுகிறேன்... மெல்ல மஞ்சளாக மாறுகிறது பாருங்கள். பக்கத்தில் இருக்கிற நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருந்தால் வழியில் கிருமி சேராது. இன்றைக்கு இருக்கிறது. டேங்க் பக்கத்திலேயே சோதித்துப் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று எழுதிவிடுவது சுலபம். பைப் எங்கே முடிகிறதோ அங்கே பார்க்க வேண்டும் என்று டேங்க் ஆபரேட்டர் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், அவரும் செய்கிறார். தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது என்று குளோரின் போடாத போர்வெல் தண்ணீரைத் தேடிப் போகாதீர்கள்.

அடுத்து பணம். "பஞ்சாயத்துக்குத்தான் லட்சக்கணக்கில் வருகிறதே, எங்கள் தெருவுக்குப் பேவர் பிளாக் போட்டால் என்ன" என்று டீக்கடையில் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி, முழுசாகப் பதில் சொல்ல வேண்டும். 15ஆவது நிதிக்குழு மானியம் என்று மத்திய அரசிடம் இருந்து வருவதில் 60 விழுக்காடு கட்டுண்ட நிதி. அதில் பாதியைக் குடிநீர், மழைநீர் சேமிப்பு மாதிரி வேலைக்கும், மறுபாதியைச் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் செலவழிக்கலாம். அதை எடுத்து ரோடு போட முடியாது. மிச்சம் 40 விழுக்காட்டில்தான் ஊரின் மற்றத் தேவைகளுக்கு வேலை எடுக்கலாம். மாநில நிதிக்குழு மானியத்தில் மோட்டாரும் தெருவிளக்கும் ஓடுகிற கரண்ட் பில்லுக்கே பெரும் பங்கு போய்விடுகிறது. வீட்டு வரிதான் நம் சொந்தப் பணம், அதில் தடை கிடையாது. வரி பாக்கி வைத்திருக்கிறவர்கள் இந்த இடத்தைத் திரும்பக் கேளுங்கள். இப்போது ஆன்லைனிலேயே கட்டலாம், ரசீதும் உடனே வரும்.

அந்த 15ஆவது நிதிக்குழுவின் காலம் 2026 மார்ச்சோடு முடிகிறது. ஆகவே இந்த வருஷத்துப் பணத்தை எதற்கு என்று இப்போதே முடிவு செய்ய வேண்டும். என் மனசில் இருப்பது காலனிக்குக் கழிவுநீர் ஓடை. மழை வந்தால் பால்வாடி வாசலில் சாக்கடை தேங்குகிறது, குழந்தைகள் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள். சுகாதாரப் பங்கில் அதைச் செய்யலாம். நான் ஆசைப்பட்டால் மட்டும் போதாது, சபை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் பணம் கொடுக்கும்போது நானும் துணைத் தலைவரும் இரண்டு பேருமே ஒப்புதல் தர வேண்டும். ஒருத்தர் மட்டும் நினைத்தால் பஞ்சாயத்துக் கணக்கில் இருந்து ஒரு ரூபாய் எடுக்க முடியாது.

கணக்கை எங்கே பார்ப்பது? வரவு செலவு விவரம் சபையில் படிக்கப்பட வேண்டும், பலகையில் எழுதி வைக்கப்பட வேண்டும். இ-கிராம்ஸ்வராஜ் என்ற தளத்தில் போய் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் திட்டமும் செலவும் தெரியும். துபாயில் இருக்கிற தம்பி கூட போனிலேயே பார்க்கலாம். பார்த்துவிட்டுச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள், நான் கோபப்பட மாட்டேன்.

குளத்துக்கு வருவோம். பிசானப் பருவ நெல் நடவுக்குத் தண்ணீர் வேண்டுமானால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வரத்துக் கால், அதாவது குளத்துக்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால், சுத்தமாக இருக்க வேண்டும். சின்னக் குளத்து வரத்துக் காலில் சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்தாகிவிட்டது. அது நூறு நாள் வேலையில் நம் அக்காமார் செய்தது. ஒரு நாள் கூலி 2025-26ஆம் ஆண்டுக்கு 336 ரூபாய் என்று அறிவித்திருக்கிறார்கள், அளவுப்படி வேலை முடிந்தால் முழுசாகக் கிடைக்கும். போன ஆண்டுக் கடைசியில் செய்த வேலைக்குப் பல மாதம் கூலி வராமல் எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். தமிழ்நாடு முழுக்க அதே நிலைமைதான். 1,056 கோடி ரூபாய் கூலி பாக்கி நிற்கிறது என்று 2025 ஜனவரியில் முதலமைச்சர் ஸ்டாலினே பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 15 நாளைக்குள் கூலி தர வேண்டும், தாமதமானால் இழப்பீடு தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் கூலி என்பது யாரும் பார்த்துப் போடுகிற உதவி கிடையாது. இப்போதும் யாருக்காவது வங்கிக் கணக்கில் ஏறாமல் இருந்தால் வேலை அட்டையோடு வாருங்கள், வார வாரியாகப் பார்ப்போம்.

பெரிய குளத்து விஷயம் வேறு. ஆயக்கட்டு, அதாவது குளத்தில் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேலே போனால் அந்தக் குளம் நீர்வளத் துறைக்குச் சேர்ந்தது. அதற்குக் கீழே இருந்தால்தான் ஊராட்சி ஒன்றியம். பெரிய குளத்து நடு மடையில் ஷட்டர் திருகு துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டு பாதியில் நிற்கிறது. மேலேயும் போகாது, கீழேயும் இறங்காது. மணல் மூட்டையும் வைக்கோலும் வைத்து அடைத்திருக்கிறார்கள், அந்தப் பக்கம் சளசளவென்று ஒழுகிக்கொண்டே இருக்கிறது. இதைப் பஞ்சாயத்துப் பணத்தில் நாம் சரிசெய்யச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் மே 1 கிராம சபையில் தீர்மானம் போட்டோம், நகலை இணைத்து மனு கொடுத்தோம், பொறியாளர் வந்து மடையை அளந்துகொண்டு போயிருக்கிறார். இதற்கு முன்னால் வாயால் சொன்னபோது யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இந்த 15ஆம் தேதி மறுபடியும் ஒரு தீர்மானம், இந்த முறை ஆயக்கட்டு விவசாயிகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.

குளத்தில் வண்டல் எடுக்கக் கேட்கிறவர்களுக்கு: அறிவிக்கப்பட்ட குளமாக இருந்தால் தாசில்தாரிடமே அனுமதி வாங்கிக்கொள்ளலாம், மண்ணுக்குக் காசு கிடையாது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90, மண்பாண்டம் செய்கிறவர்களுக்கு 60. இடையில் யாராவது லோடுக்கு இவ்வளவு என்று மண்ணுக்கு விலை சொன்னால் கொடுக்காதீர்கள், நேராக என்னிடம் வாருங்கள்.

வீடு கேட்டு வருகிறவர்கள்தான் என்னை அதிகம் தேடுகிறீர்கள். கலைஞர் கனவு இல்லத்தில் 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி வீடு. குடிசையில் இருக்க வேண்டும், சொந்தமாக இடமும் பட்டாவும் இருக்க வேண்டும். புறம்போக்கில் இருக்கிறவர்களுக்கு இந்தத் திட்டத்தில் தர முடியாது என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம், ஏனென்றால் ஓட்டை ஒழுகல் அதிகம் இருப்பது அங்கேதான். ஓடைக்கரையில் இருக்கிற குடும்பங்களுக்கு முதலில் மாற்று இடத்தில் மனைப்பட்டா வாங்க வேண்டும், அதற்குப் பிறகுதான் வீடு. பட்டியலை ஒளித்து வைக்கவில்லை, பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறது.

மற்ற நிகழ்ச்சிகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அரசு 2025இல் நடத்துகிற "உங்களுடன் ஸ்டாலின்" மனு முகாம் நம் பக்கமும் வருகிறது, கிராமங்களில் 15 துறைகளின் 46 சேவைகளுக்கு மனு கொடுக்கலாம், 45 நாளைக்குள் தீர்வு என்று சொல்லியிருக்கிறார்கள். மகளிர் உரிமைத் தொகை விடுபட்டவர்கள் அங்கே வந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம் மூன்றையும் எடுத்து வையுங்கள். பள்ளிக்கூடத்தில் காலை உணவு ஒழுங்காக நடக்கிறது, நானே அடிக்கடி போய்ச் சாப்பிட்டுப் பார்க்கிறேன், சாம்பார் நன்றாக இருக்கிறது. 15ஆம் தேதி காலையில் அங்கே கொடியேற்றம், பிள்ளைகளின் பேச்சுப் போட்டி. பெற்றோர் வந்தால் அவர்களுக்கு உற்சாகமாக இருக்கும்.

பெண்களிடம் தனியாக ஒன்று. தமிழ்நாட்டில் 2016இல் உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். அதனால்தான் நானும் இந்த இடத்துக்கு வந்தேன். ஆனால் இன்றைக்கும் மனுவை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தலைவி நான், மனுவை என்னிடமே கொடுங்கள். சபையிலும் ஓரமாக உட்கார்ந்து, வந்ததாகக் கணக்குக் காட்டிவிட்டு எழுந்து போகாதீர்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது நீங்கள், தண்ணீரைப் பற்றி உங்களை விட யார் பேச முடியும்?

கோரம், அதாவது சபைக்குக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் ஊராட்சி 3,000க்கு மேல், 10,000க்குள் மக்கள்தொகை உள்ள வகை. அதற்கு 200 பேர் வர வேண்டும். 200 பேர் வந்து கையெழுத்துப் போடாமல் எடுத்த தீர்மானத்தை யார் வேண்டுமானாலும் செல்லாது என்று சொல்லிவிடலாம். கையெழுத்துப் போடும்போது ஒரு நிமிஷம் நின்று, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுதாத பக்கத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், நானே கேட்டாலும்.

நமக்குக் காலமும் அதிகம் இல்லை. 2021 அக்டோபரில் 9 மாவட்டத்துக்கு மட்டும் தேர்தல் நடந்தது, அதில் நம் தென்காசியும் ஒன்று. மற்ற 28 மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். நமக்கு 2026 அக்டோபர் வரைதான். அதற்குப் பிறகு யார் இந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும், யாருமே உட்காராமல் அலுவலர் பார்த்தாலும், அந்தத் தீர்மானப் புத்தகம் அங்கேயே இருக்கும். ஓடையும் ஷட்டரும் அதில் இருந்தால் அவர்களும் செய்துதான் ஆக வேண்டும். அடுத்த ஆண்டுக்கான ஊராட்சித் திட்டம் அக்டோபர் சபையில் தொடங்கும், உங்கள் தெருவுக்கு என்ன வேண்டும் என்று இப்போதே பேசி வையுங்கள்.

15ஆம் தேதி காலை 11 மணி, சமுதாய நலக்கூடம். வயசானவர்களைக் கூட்டி வர ஒரு ஆட்டோ ஏற்பாடு செய்திருக்கிறோம், வார்டு உறுப்பினரிடம் சொல்லி வையுங்கள். அப்புறம் முக்கியமாக, நாளை 5ஆம் தேதி, டேங்க் கழுவுகிற நாள். காலையில் தண்ணீர் வராது, மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள். இன்றைக்குச் சாயங்காலமே 2 குடம் கூடுதலாகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.