முதலில் ஒரு அரம் வாங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கம்ப்யூட்டர் கேபினெட்டில் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் வைக்கணும், மேலே கூடுதலாக ஒரு ஃபேன் போடணும், பழைய கேபினெட் ஒன்று பரண்மேல் கிடக்கிறது அதை ஏதாவது செய்யணும் என்று என்னிடம் வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லாருமே கேட்பது ஒரே கேள்விதான். எந்த மிஷின் வாங்கலாம்? ரோட்டரி டூலா, ஜிக்சாவா, ஆங்கிள் கிரைண்டரா? நான் சொல்கிற பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. முதலில் ஒரு நல்ல அரம் வாங்குங்கள் என்பேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேபினெட்டை வெட்டுகிற பழக்கம் சூட்டில் பிறந்தது. 1998-இல் இன்டெல் செலரான் 300ஏ என்று ஒரு சிப் வந்தது. 300 மெகாஹெர்ட்ஸ் என்று விற்றதை, பஸ் வேகத்தை, அதாவது சிப்பும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் வேகத்தை, 66-இலிருந்து 100-க்கு ஏற்றி 450-இல் ஓட்டினார்கள் ஆர்வக்காரர்கள். ஓடியது, கூடவே சூடும் ஏறியது. அந்தக் காலத்து வெளிர்பழுப்புப் பெட்டிகளில் காற்று போய்வர வழி குறைவு. அதனால் மேல்தகட்டை வெட்டி ஒரு 80 மில்லிமீட்டர் ஃபேனை உட்கார வைத்தார்கள். ஜன்னலும் கலர் விளக்கும் இதோடு சேர்ந்து பெரிதாக வளர்ந்ததெல்லாம் வேறு கதை, அதை விட்டுவிடுவோம்.

சரி, கேபினெட் தகடு எவ்வளவு தடிமன்? சாதாரணப் பெட்டிகளில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இதுதான் எல்லாச் சிக்கலுக்கும் காரணம். மெல்லிய தகடு அதிரும், வளையும், பிளேடைப் பிடித்து இழுக்கும். ஆகவே வெட்டுவதற்கு முன்னால் பிடிப்பு வேண்டும்: இரண்டு சி கிளாம்ப், அடியில் வைக்க ஒரு துண்டு பிளைவுட். குறிப்பதற்கு மாஸ்கிங் டேப். தகட்டின் மேல் டேப்பை ஒட்டி அதன் மேல் கோடு போடுங்கள், கோடும் தெளிவாகத் தெரியும், பெயின்ட்டும் கீறாது. துளை போடும் இடத்தில் சென்டர் பஞ்ச், அதாவது கூர்முனை வைத்த இரும்புக் குச்சி, வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. அது இல்லாமல் டிரில்லை வைத்தால் பிட் வழுக்கிக்கொண்டு எங்கேயோ போகும்.

பேப்பர் பக்கத்தில் இருந்தால் ஒரு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். 120 மில்லிமீட்டர் ஃபேனுக்கு, ஸ்க்ரூ துளைகளின் நடுவுக்கு நடு தூரம் 105 மில்லிமீட்டர். திரும்பச் சொல்கிறேன், 120 ஃபேனுக்கு 105. 140 ஃபேன் என்றால் 124.5.

இப்போது அரத்துக்கு வருகிறேன். எங்கள் கோயம்புத்தூரில் பட்டறை இல்லாத தெருவைத் தேடித்தான் பார்க்கணும். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், மோட்டார் பம்ப் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். எதிர்வீட்டு மொட்டைமாடியில் காலேஜ் பையன்கள் இரண்டு பேர் ரோட்டரி டூலை வைத்துக்கொண்டு கேபினெட் மூடியில் வட்டம் வெட்டப் பார்க்கிறார்கள். அந்தக் குட்டிக் கட்டிங் டிஸ்க் இருக்கிறதே, கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலே பட்டென்று உடைந்து பறக்கும். பறந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பெரியவரே மாடி ஏறிப் போய்விட்டார். கை டிரில் இருக்கா என்று கேட்டார். வரைந்த வட்டத்துக்கு உள்ளே சற்றுச் சின்னதாக இன்னொரு வட்டம் போட்டார், அந்தக் கோட்டின் மேலேயே நெருக்கமாகச் சின்னச் சின்னத் துளைகள் வரிசையாகப் போட்டார், துளைகளுக்கு நடுவே மிச்சம் நின்றதை உளியால் தட்டியதும் நடுத்தகடு கழன்று விழுந்தது. ஓரமெல்லாம் பல் பல்லாக நிற்கிறது. பையன்கள் முகம் வாடிவிட்டது. இவர் வீட்டுக்குப் போய் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்த அரைவட்ட அரத்தை எடுத்துவந்தார், அதன் பல்லில் சாக்பீஸைத் தேய்த்தார். இரும்புத்தூள் பல்லுக்குள் சிக்காமல் இருக்க அது. அப்புறம் அரத்தைப் பையன்கள் கையில் கொடுத்தார். அவர்கள் முன்னும் பின்னும் சரக் சரக்கென்று இழுக்க, "ஏனுங்க தம்பி, போறப்பத்தான் அது வெட்டும், வர்றப்ப சும்மா எதுக்குத் தேய்க்கறீங்க, தூக்கிக்குங்க" என்றார். ஐடிஐ-யில் ஃபிட்டர் டிரேடில் சேர்ந்தால் ஆரம்பத்தில் வைஸில் இரும்புத்துண்டைப் பிடித்து அரத்தால் ராவுவதுதான் வேலை. அந்தக் கை அது. பொழுது சாய்வதற்குள் வட்டம் வழவழவென்று வந்துவிட்டது. ஃபேன் பொருத்தமாக உட்கார்ந்தது.

நான் மிஷினுக்கு எதிரி இல்லை. ஜன்னல் வெட்ட நேர்கோடு வேண்டும் என்றால் நுண்பல் மெட்டல் பிளேடு போட்ட ஜிக்சா அருமையான சாமான். ஸ்விட்ச் மாற்ற, விளக்கு வைக்க என்றால் ஸ்டெப் பிட் வாங்குங்கள், கூம்பு மாதிரி படிப்படியாக இருக்கும். சாதாரண பிட்டில் மெல்லிய தகட்டில் பெரிய துளை போட்டால் வட்டம் வராது, முக்கோணம்தான் வரும். ஆனால் எதில் வெட்டினாலும் கடைசியில் ஓரத்தை ராவியே ஆகணும், இல்லையென்றால் அது கையையும் கிழிக்கும், ஒயரையும் கிழிக்கும். ராவிய பிறகு ஓரத்தின் மேல் யு வடிவ ரப்பர் பீடிங்கைச் செருகுங்கள். கார் ஆக்சசரீஸ் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள்.

உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் கூண்டு ஃபேனுக்கு இடைஞ்சலா? பெரும்பாலும் பாப் ரிவெட்டில்தான், அதாவது இரண்டு தகட்டைச் சேர்த்துப் பிடிக்கும் குட்டி அலுமினிய ஆணியில்தான், நிற்கும். 1/8 அங்குல பிட்டால் ரிவெட்டின் தலையைத் துளைத்தால் கழன்றுவிடும், திரும்பப் பூட்டக் கை ரிவெட் கன் போதும்.

வெட்டும் முன் பெட்டியைக் காலி செய்யுங்கள். மதர்போர்டு மட்டும் போதாது, கரன்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டி உட்பட எல்லாம் வெளியே. எஸ்எம்பிஎஸ்-ஐத் திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும். வேலை முடிந்ததும் இரும்புத்தூளைப் பொறுக்க ஒரு காந்தத்தைக் கேரிபேக்கில் போட்டு உள்ளே ஓட்டுங்கள், பையை உள்வெளியாகத் திருப்பினால் தூள் பையோடு போய்விடும். அலுமினியப் பெட்டிக்கு இந்த வித்தை பலிக்காது, துடைத்துக் கழுவத்தான் வேணும். கண்ணுக்குக் காகிள்ஸ், மூக்குக்கண்ணாடி போதாது. தகட்டைத் தூக்கும்போது கிளவுஸ் சரி, டிரில் ஓடும்போது கழற்றிவிடுங்கள், சுழலும் பிட் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

ஒன்று மறக்கப் பார்த்தேன். இப்போது வரும் கேபினெட்டில் டெம்பர்டு கிளாஸ் போட்டிருக்கிறதே, அதில் துளை போடவே முடியாது. முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். துளை வேண்டுமென்றால் அதைக் கழற்றி வைத்துவிட்டு 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட் போடுங்கள். அதன் மேல் ஒட்டிய காகிதத்தை வேலை முடியும்வரை உரிக்காதீர்கள், டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள், வேகமாக ஓட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். பெயின்ட் பற்றிப் பாதி நேரம் பேசலாம் என்று வந்தேன், என்ன செய்ய. சோப்புத் தண்ணியில் கழுவிக் காயவையுங்கள், 400 நம்பர் வாட்டர் பேப்பர், பிரைமர், அப்புறம் ஸ்ப்ரேயை ஒரு அடி தள்ளிப் பிடித்து மெல்லிசாகப் பல கோட், மழை நாளில் வேண்டாம். எல்இடி பட்டை போடுகிறவர்கள் மதர்போர்டில் ஊசியை எண்ணிப் பாருங்கள், ஒவ்வொரு விளக்கும் தனித்தனி நிறம் காட்டும் அட்ரஸபிள் பட்டை 5 வோல்ட், மூன்று ஊசி, எல்லா விளக்கும் ஒரே நிறம் காட்டும் சாதாரண ஆர்ஜிபி 12 வோல்ட், நான்கு ஊசி, 5 வோல்ட் பட்டையை 12-இல் செருகினால் பட்டை போச்சு. வணக்கம்.