ஹெடர் மாற்றினோம், மைலேஜ் எங்கே போச்சு?

[காட்சி: லிஃப்டில் நிற்கும் காரின் அடிப்பக்கம்]

நண்பர் ஒருவர் தன் பெட்ரோல் காருக்குப் புது ஹெடர், அதாவது இன்ஜினிலிருந்து வரும் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்த் தொகுதி, போட்டார். சத்தம் பிரமாதம். நாலே நாளில் செக் இன்ஜின் லைட் எரிந்தது, மைலேஜும் விழுந்தது. ஸ்கேனரைச் செருகினால் பி0171 என்ற பிழைக் குறியீடு, அதாவது பெட்ரோல் போதவில்லை என்கிறது. பிளக்கைக் கழற்றினால் கன்னங்கரேலென்று கரி. பெட்ரோல் அதிகமானால்தான் பிளக் அப்படி ஆகும். இரண்டில் எது பொய்?

[காட்சி: கையில் ஆக்சிஜன் சென்சார், முனை அருகில்]

இது புகைக்குழாயில் மாட்டியிருக்கும் ஆக்சிஜன் சென்சார். இதன் முனைக்குள் ஒரு சிர்கோனியா பீங்கான் குப்பி இருக்கிறது. வெளிப்பக்கம் புகை, உள்பக்கம் வெளிக்காற்று. புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால் சுமார் 0.1 வோல்ட் தரும். பெட்ரோல் மிஞ்சினால் 0.9. ஈசியூ, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், இதைப் பார்த்துத்தான் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது.

இப்போது நம்ம கார். ஹெடரை இன்ஜினோடு இணைக்கும் ஃபிளேஞ்சில், கசிவை அடைக்கும் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை. அந்த இடுக்கு வழியாகப் புகை வெளியேதானே வரும் என்று நினைப்போம். ஆனால் புகை துடிப்பு துடிப்பாகத்தான் போகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே குழாயில் அழுத்தம் குறையும். அந்த நேரத்தில் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துவிட்டு ‘பெட்ரோல் போதாது’ என்கிறது. ஈசியூ அதை நம்பி ஊற்றுகிறது. சென்சார் பொய் சொல்லவில்லை, தான் பார்த்ததைத்தான் சொன்னது. நண்பர் அதற்குள் புது சென்சார் ஒன்று வாங்கி மாட்டியிருந்தார், பாவம்.

[காட்சி: ஃபிளேஞ்சில் கறுப்புக் கோடு]

இந்தக் கரிக்கோடுதான் கசிவுக்குச் சாட்சி. கசிவை அடைக்க சிலிகான் சீலன்ட் தடவாதீர்கள்; சிலிகான் ஆவி பட்டால் சென்சார் கெட்டுப்போகும்.

சரி, பழைய சென்சாரைப் புது ஹெடருக்கு மாற்றுவது எப்படி? முதல் நாள் இரவே மரையில் துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். கனெக்டரை முதலில் கழற்ற வேண்டும், இல்லையென்றால் வயர் முறுக்கிக்கொள்ளும். வயர் நுழையப் பிளவு உள்ள 22 மி.மீ. சாக்கெட் போதும். கீழே விழுந்த சென்சாரை நம்பாதீர்கள், பீங்கான் விரிசல் வெளியே தெரியாது. மரை இறுகிப்போகாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசையை மரையில் மட்டும் தடவுங்கள், முனையில் படக்கூடாது.

ஹெடரில் சென்சார் வளையம் வெல்டு செய்யும்போது முனை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், கிடைமட்டத்துக்குக் குறைந்தது 10 டிகிரி. குளிர்ந்த குழாயில் சேரும் தண்ணீர் சூடான பீங்கானில் பட்டால் உடைந்துவிடும்.

[காட்சி: வெட்டி ஒட்டிய வயர்]

நீள ஹெடரில் வயர் எட்டாது. உடனே வெட்டி, சால்டர் வைத்து நீட்டிவிடுவார்கள். பல சென்சார்களில் அந்த உள்பக்கக் காற்று வயர் இழைகளின் நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் போகிறது! சால்டர் அதை அடைத்துவிடும். இரு முனையிலும் கனெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் வயரையே வாங்குங்கள்.

அப்புறம் பின்பக்க சென்சார். அது புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பது. கன்வர்ட்டரை எடுத்துவிட்டால், அது சரியாக வேலை செய்யவில்லை என்ற பி0420 குறியீடு வரும். அந்த சென்சாரை ஏமாற்ற, அதைப் புகையிலிருந்து தள்ளி வைக்கும் ஸ்பேசர் விற்கிறார்கள். நான் போட்டுக் காட்டப் போவதில்லை; பிஎஸ்6 காரில் கன்வர்ட்டரை எடுப்பது சட்டப்படி தப்பு, பின்னால் வரும் பைக்காரர்தான் அந்தப் புகையைக் குடிக்க வேண்டும். சத்தம் மட்டும் மாறினால் போதும் என்றால் கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள பகுதியை மாற்றுங்கள், பெரும்பாலான கார்களில் எந்த சென்சாரையும் தொட வேண்டியிருக்காது.

[காட்சி: ஸ்கேனர் திரை]

நண்பரின் ஃபிளேஞ்சைத் தேய்த்துச் சமன் செய்து, புது கேஸ்கெட் போட்டு, பிழைக் குறியீட்டை அழித்தோம். ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவான ஃபியூல் டிரிம் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிட்டது. அநாவசியமாக வாங்கிய சென்சார் இப்போது அவர் காரில் ஓடுகிறது. பழையதுதான் இன்று உங்களுக்குக் காட்டிய இந்த சென்சார்.