சலத்தை அடக்குறது ஆர்?

(வாசிகசாலை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வந்திருக்கிற பெரியவைக்கும் பிள்ளையளுக்கும் வணக்கம். தலைப்பைக் கேட்டுச் சிலபேர் சிரிச்சது தெரியுது. சிரியுங்கோ.

கொழும்புக்கு இரவு பஸ்ஸிலே போறவைக்கு இது நல்லாத் தெரியும். பளை தாண்டேக்கையே முட்டத் தொடங்கும். முறிகண்டியிலே பஸ் நிக்கும் மட்டும் அடக்கிக்கொண்டு இருப்பியள். அடக்கினது சலப்பை எண்டு நினைச்சால் பிழை. அதுக்கு நிரம்பவும் சுருங்கவும்தான் தெரியும். அடக்கினது உங்கட மூளை.

சிறுநீரகம் நிமிசத்துக்கு 1, 2 மில்லிலீற்றர் எண்டு இறக்கிக்கொண்டே இருக்கும். 150, 200 சேர்ந்தால் லேசா ஒரு உணர்வு. 400, 500 ஆகேக்கை இருப்புக்கொள்ளாது. பையின்ரை சுவர் இழுபடுற செய்தி முள்ளந்தண்டு வழியா நடுமூளைக்கு ஏறும். கைக்குழந்தை எண்டால் அப்பவே போயிடும். எங்களுக்கு நெற்றிக்குப் பின்னாலே இருக்கிற முன்மூளை குறுக்கே நிண்டு விசாரிக்கும்: இடம் தோதோ? ஆக்கள் நிக்கினமோ? திருப்தியில்லை எண்டால் நடுமூளையை அமர்த்திப்போடும். நாள் முழுக்க நடக்கிறது இந்தத் தடுப்பு வேலைதான்; சலம் போறது ஒரு நிமிசத்துச் சோலி.

சந்தையிலே யாவாரம் செய்யிற பொம்பிளையளைக் கேளுங்கோ. கனபேருக்கு விடியத் தொட்டுப் பொழுதுபடும் மட்டும் 'இடமில்லை' எண்டதுதான் பதில். அதுக்காகத் தண்ணியே குடியாமல் இருக்கினம். இடம் கட்டிக் குடுக்காமல் தண்ணி குடி எண்டு புத்தி சொல்லி என்ன பிரயோசனம்?

சரி, முன்மூளை சம்மதிச்சிட்டுது. கட்டளை இறங்கிறது மூளைத்தண்டிலே பாலம் எண்டு சொல்லுற பகுதியாலே. பாரிங்ரன் எண்ட ஆங்கிலேயர் 1925 இலே பூனையளை ஆராய்ஞ்சு எழுதினது இந்த இடத்தைப் பற்றித்தான். முதலிலே வாசல் தசை தளரோணும், பிறகுதான் பை சுருங்கோணும். அந்த ஒழுங்கைப் பாலம்தான் பார்க்குது.

1997 இலே நெதர்லாந்துக்காரர் ஒரு வேலை செய்தவை. 17 ஆம்பிளையளை மூளைப் படம் எடுக்கிற மெசினிலே படுக்கவைச்சு, இப்ப சலம் போங்கோ எண்டு சொன்னவை. 10 பேருக்குத்தான் வந்தது. மிச்ச 7 பேருக்கும் மனமிருந்தும் ஏலேல்லை! போனவைக்குப் பாலத்தின்ரை பின்பக்கம் வேலை செய்தது. ஏலாதவைக்கு அதே பாலத்திலே கொஞ்சம் முன்னுக்கு வேறொரு இடம். பக்கத்திலே ஆள் நிண்டால் வராது எண்டு சொல்லுறவையை இனிப் பகிடி பண்ணாதேங்கோ.

பாலத்திலேயிருந்து கட்டளை கீழே இறங்காட்டி என்ன நடக்கும் எண்டது எங்கட ஊர்ச் சனத்துக்குத் தெரியும். ஷெல்லடியிலே முள்ளந்தண்டு அறுபட்டவை எங்களுக்குள்ளே இருக்கினம். காயத்துக்குக் கீழே இருக்கிற நரம்புகள் தங்கட பாட்டிலே வேலை செய்யும்; பை சுருங்கிற நேரத்திலேயே வாசலும் இறுகும். சலம் வெளியே போக வழியில்லாமல் அழுத்தம் சிறுநீரகத்தைத் தாக்கும். அதாலேதான் அவையிலே கனபேர் சில மணித்தியாலத்துக்கு ஒருக்காக் குழாய் போட்டு எடுக்கினம். பை நிரம்பின செய்தி மேலே ஏறாது; மணிக்கூட்டைப் பார்த்துத்தான் எடுக்கோணும்.