ஸ்ட்ரீக் வேணாம், பிபிஎம் எழுதுங்க: வேலைக்குப் போறவங்களுக்கு இருபது நிமிஷ கிட்டார் ப்ராக்டிஸ்

ரெக்கார்டிங் ஓடுது. சரி. இன்னிக்கு கொஞ்சம் கடுப்புலதான் பேசப்போறேன், முன்னாடியே சொல்லிடறேன். ஒரு ப்ராக்டிஸ் ஆப் அப்டேட் ஆகியிருக்கு, பேரு வேணாம். திறந்ததும் பெருசா ஒரு நெருப்புப் படம், "உங்க ஸ்ட்ரீக் போயிடுச்சு"ன்னு. ஸ்ட்ரீக்னா விடாம வந்த நாள் கணக்கு, ஒரு நாள் விட்டா பூஜ்யம். ஆனா ஆப்பைத் திறந்து திரையை ரெண்டு தட்டு தட்டிட்டு மூடினா அது ஒரு நாள் கணக்காம்! கிட்டாரையே தொடாம ஸ்ட்ரீக்கைக் காப்பாத்தலாம். இதுக்குப் பேரு ப்ராக்டிஸா? இந்த எண்ணிக்கை விளையாட்டு எனக்கு ஆகாதுன்னு ரொம்ப நாளா என் வீடியோ பாக்கறவங்களுக்குத் தெரியும்.

பெரியவங்களா ஆனப்புறம் கத்துக்கறவங்களுக்கு நேரம் மட்டும் பிரச்சினை இல்லங்க. ராத்திரி கிட்டாரை மடியில வெச்சுக்கிட்டு "இன்னிக்கு என்ன வாசிக்கலாம்"னு யோசிக்கிறோம் பாருங்க, அதுதான் வினை. கடைசில தெரிஞ்ச பாட்டையே முதல்லேர்ந்து வாசிப்போம். தடுமாறுற இடம் வந்ததும் நிறுத்திட்டு மறுபடி முதல்லேர்ந்து. அப்போ ஏற்கனவே நல்லா வர்ற நாலு வரிக்குத்தான் திரும்பத் திரும்ப பயிற்சி. வராத இடம் வராமலே கிடக்கும்.

அதனால நாளைக்கு என்னன்னு இன்னிக்கு முடிக்கும்போதே எழுதிடுங்க. நோட்டுல ஒரே வரி போதும்: எந்த இடம், எத்தனை பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை தட்டுங்கற வேகம்), எங்க உடைஞ்சுது. "சி–ஜி, 60ல சுத்தம், 64ல சுண்டு விரல் லேட்." அதாவது சி கார்ட்லேர்ந்து ஜி கார்ட்டுக்கு மாத்தறது; கார்ட்னா சில சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கிற பிடி. அவ்வளவுதான். மறுநாள் உக்காந்ததும் 60ல ஆரம்பிக்க வேண்டியது, யோசனையே கிடையாது.

இருபது நிமிஷத்தை எப்படிப் பிரிக்கறதுன்னா, முதல் ரெண்டு நிமிஷம் ட்யூனிங். இங்க ஒரு நிமிஷம் நிக்கறேன், ஏன்னா கிட்டார் தலையில மாட்டி சுருதி பாக்கற இந்தக் கிளிப் ட்யூனர் மேல எனக்கு ஒரு வழக்கே இருக்கு. திரை ஓரமா 440னு ஒரு குட்டி நம்பர் தெரியுதா? ஏ சுரத்தோட ஹெர்ட்ஸ் அது. பல ட்யூனர்ல அதை மாத்துற பட்டன் வெளியிலயே துருத்திக்கிட்டு இருக்கும். பைக்குள்ள எதுலயாவது அழுந்தினா 432க்குப் போயிடும். அப்புறமும் ஆறு கம்பிக்கும் பச்சை விளக்கு எரியும்! தனியா வாசிச்சா தப்பே தெரியாது, ஏன்னா கம்பிங்க ஒண்ணுக்கொண்ணு சரியாத்தான் இருக்கும். பாட்டைப் போட்டுக்கிட்டு கூட வாசிக்கும்போதுதான் எல்லாமே மந்தமா, ஒட்டாம கேக்கும். 440க்கும் 432க்கும் கிட்டத்தட்ட 32 சென்ட் வித்தியாசம். ஒரு செமிடோன்ல, அதாவது அடுத்தடுத்த ரெண்டு சுரத்துக்கு நடுவுல இருக்கிற தூரத்துல, மூணுல ஒரு பங்கு! பாவம், அவங்கவங்க காதைத் திட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அந்தப் பட்டனை உள்ள தள்ளி வெச்சா என்ன குறைஞ்சிடும்? பக்கத்துல இருக்கிற எழுத்தையும் பாருங்க. 'யூ'ன்னு இருந்தா அது உகுலேலே மோடு. 'ஜி' இல்லேன்னா குரோமாட்டிக்குக்கான (எல்லாச் சுரத்தையும் காட்டுற மோடு) 'சி' இருக்கணும்.

ஆச்சு. அடுத்து மூணு நிமிஷம் விரலுக்கு. ஒரு கம்பில நாலு ஃப்ரெட் (கழுத்துல குறுக்கே இருக்கிற உலோகப் பட்டிங்க பிரிக்கிற கட்டம்), நாலு விரல், 60 பிபிஎம்ல ஒரு தட்டுக்கு ஒரு நோட். இதை அஞ்சாவது ஃப்ரெட்லேர்ந்து பண்ணுங்க, முதல் ஃப்ரெட்ல வேணாம். 648 மில்லிமீட்டர் ஸ்கேல் (கம்பி அதிர்ற நீளம்) இருக்கிற கிட்டார்ல முதல் ஃப்ரெட்டோட அகலம் 36 மில்லிமீட்டர், அஞ்சாவது 29தான். புது கைக்கு அந்த ஏழு மில்லிமீட்டர் பெரிய விஷயம். அந்த உலோகப் பட்டிக்கு ஒட்டினாப்ல பின்னாடி அழுத்துங்க. கிர்ருனு சத்தம் வர்ற வரைக்கும் பிடியைத் தளர்த்தி, அப்புறம் துளி கூட்டுங்க. அவ்வளவு பலம் போதும், பாதிப் பேரு அதைவிட ரொம்பவே அழுத்தறாங்க.

அடுத்த அஞ்சு நிமிஷம் கார்ட் மாத்தறது. ரெண்டே கார்ட், ஒரு நிமிஷம் டைமர், எத்தனை தடவை மாத்தினீங்கன்னு எண்ணுங்க. 80 பிபிஎம் பாட்டுல நாலு தட்டுக்கு ஒரு கார்ட்னா நிமிஷத்துக்கு 20 மாத்தம்தான். டைமர்ல 40 வந்துட்டா பாட்டுல மூச்சு விட நேரம் கிடைக்கும். ஏ மைனர்லேர்ந்து சிக்குப் போகும்போது மூணு விரலையும் தூக்கறவங்களைப் பாத்தா எனக்கு தாங்காது. ஆள்காட்டியும் நடு விரலும் அதே இடம்! மோதிர விரல் மட்டும் மூணாவது கம்பியை விட்டு அஞ்சாவது கம்பி மூணாவது ஃப்ரெட்டுக்குப் போகணும் (ரொம்ப மெல்லிசு முதல் கம்பி, ரொம்பத் தடிசு ஆறாவது). சி–ஜிக்கு, ஜியை மோதிர விரல் ஆறாவது கம்பி, நடு விரல் அஞ்சாவது கம்பி, சுண்டு விரல் முதல் கம்பின்னு பிடிங்க. அப்போ அந்த ரெண்டு விரலும் அதே ஃப்ரெட்ல பக்கத்துல இருக்கிற தடிசான கம்பிக்கு நகரும், அவ்வளவுதான்.

அப்புறம் ஆறு நிமிஷம் கஷ்டமான ஒரே இடம். ஒரு பார் (பாட்டோட ஒரு தாளச் சுத்து), கூடவே அடுத்த பாரோட முதல் தட்டு. அந்த முதல் தட்டை விட்டீங்கன்னா, கோர்க்கும்போது சரியா அங்கதான் இடறும். வரிசையா மூணு தடவை சுத்தமா வந்தா 4 பிபிஎம் ஏத்துங்க, உடைஞ்சா 8 இறக்குங்க. "கிட்டத்தட்ட வந்துச்சு" எல்லாம் கணக்குல வராது.

எஃப் பாரே கார்ட்ல (ஆள்காட்டியை எல்லாக் கம்பிக்கும் குறுக்கே படுக்க வெச்சுப் பிடிக்கறது) மாட்டியிருக்கவங்க இந்த ஆறுல ரெண்டு நிமிஷம்தான் அதுக்குக் கொடுக்கணும். பெருவிரல் மேடு களைச்சதுக்கப்புறம் பழகுறது தப்பான பிடியைத்தான். ஆள்காட்டி ஆறு கம்பியையும் நசுக்க வேண்டியதில்ல, அதோட பொறுப்பு ஆறாவது, ரெண்டாவது, முதல் கம்பி மட்டும்தான். நடுவுல இருக்கிற மூணையும் மத்த விரல் பாத்துக்கும். விரலைக் கொஞ்சம் பெருவிரல் பக்கமா சாய்ச்சு எலும்பு ஓரத்தால அழுத்துங்க. முதல்ல அதே வடிவத்தை அஞ்சாவது ஃப்ரெட்ல பிடிங்க, அது ஏ மேஜர். அங்கேர்ந்து ஒவ்வொரு ஃப்ரெட்டா கீழ இறங்குங்க. மூணாவதுல சுகமா வந்து முதல் ஃப்ரெட்ல மட்டும் உயிர் போகுதுன்னா, நட் (கழுத்து முனையில கம்பி உக்கார்ற பட்டி) பள்ளம் ஆழம் பத்தாம இருக்க வாய்ப்பு அதிகம். கிட்டார் ரிப்பேர் பண்றவர்கிட்ட காட்டுங்க. 12–53 கம்பி போட்டிருந்தா (மெல்லிசு, தடிசு கம்பியோட தடிமன், இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல) 11–52, இல்ல 10–47க்கு மாறினாலே இழுவிசை குறையும்.

மிச்சம் நாலு நிமிஷம் பாட்டு. தப்பானா நிக்கவே கூடாது. இடது கை தொலைஞ்சாலும் வலது கை ஸ்ட்ரம்மிங்கை விடக்கூடாது.

ஐயோ, ட்யூனர்ல ஒண்ணு விட்டுட்டேன். சுரம் ஏறிப்போச்சுன்னா அப்படியே இறக்கி நிறுத்தாதீங்க. தேவைக்குக் கீழ இறக்கி, மறுபடி ஏத்தி நிறுத்துங்க. கம்பியை முறுக்குற கீயோட பல்லுல இருக்கிற தொய்வு அப்போதான் இழுபடும், இல்லேன்னா வாசிக்க வாசிக்க இறங்கும்.

வேலை பின்னிப்போட்ட நாளுக்கு அஞ்சு நிமிஷம்: ட்யூனிங், ஒரு நிமிஷ கார்ட் கணக்கு, நோட்டுல எழுதின அந்த ஒரு பார். மூணு நாலு நாள் விட்டுப்போனா, கடைசியா எழுதின வேகத்துலேர்ந்து 10 குறைச்சு ஆரம்பிங்க. ரெண்டு மூணு தடவை உக்காந்தா பழைய இடத்துக்கு வந்துடும், பூஜ்யத்துக்கெல்லாம் போகாது. கிட்டார் பைக்குள்ள இருக்கவே கூடாது, கண்ணு படற இடத்துல ஸ்டாண்டுல நிக்கணும். வெயில் படற ஜன்னல் ஓரமும், ஏசி காத்து நேரா அடிக்கிற இடமும் மட்டும் வேணாம், மரம் வளையும்.

விரல் நுனி வலி சில வாரத்துல காய்ப்பு விழுந்ததும் அடங்கிடும். குளிச்ச கையோட வாசிக்காதீங்க, தோல் ஊறியிருக்கும். ஆனா மணிக்கட்டு வலியோ, விரல் மரத்துப்போறதோ வந்தா அந்த நிமிஷமே வெச்சுடுங்க. அது தாங்கிப் பழகுற வலி இல்ல. பெரும்பாலும் மணிக்கட்டு ரொம்ப மடங்கியிருக்கும், கிட்டார் கழுத்தைக் கொஞ்சம் மேல தூக்கினா நிமிரும்.

இன்னொண்ணு, இடது கை நகம். வெட்டுங்க! நகம் ஃப்ரெட் போர்டுல இடிச்சா விரல் படுத்துடும், பக்கத்துக் கம்பி செத்துடும், நீங்க பாட்டுக்கு கார்ட் வரலைன்னு தேடிக்கிட்டு இருப்பீங்க. அடுத்த வீடியோ கம்பி மாத்தறது, கம்பி வெட்டுற நிப்பரை எடுத்து வைங்க.