விலா எலும்பு முறிந்தால் ஏன் கட்டுப் போடுவதில்லை?

(காட்சி: ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட். சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து வைத்த மூங்கில் ஏணி.)

வணக்கம். தை, மாசி வந்தால் சேர்வராயன் மலையில் மிளகு பறிப்பு. மரத்தில் கொடி எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறதோ, ஆளும் அவ்வளவு உயரம் ஏறியாக வேண்டும். ஏணி நழுவிப் பக்கவாட்டில் விழுந்தால் அடி வாங்குவது பெரும்பாலும் விலா எலும்பு. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பைக் சறுக்கினால் ஹேண்டில்பார் நெஞ்சில் குத்தும். கார் மோதினால் ஸ்டியரிங்கோ சீட் பெல்ட்டோ அழுத்தி, நடு நெஞ்செலும்பு விரிசல் விடலாம். அதற்காகப் பெல்ட் போடாமல் போய்விடாதீர்கள். அது இல்லையென்றால் சேதம் நெஞ்செலும்போடு நிற்காது. எலும்பு மெலிந்த வயதானவர்கள் விழக்கூட வேண்டாம், விடாத இருமலே போதும்.

(காட்சி: நெஞ்சுக்கூட்டின் படம். நடு விலாக்கள் சிவப்பாகின்றன.)

மொத்தம் 12 ஜோடி. அதிகம் முறிவது நடுவில் இருப்பவை. மேலே உள்ளவற்றைக் காறை எலும்பும் தோள்பட்டையும் காப்பாற்றுகின்றன. கீழ் விலா முறிந்தால் டாக்டர் வயிற்றையும் அழுத்திப் பார்ப்பார். வலப்பக்கம் கல்லீரல், இடப்பக்கம் மண்ணீரல். இரண்டில் எது கிழிந்தாலும் உள்ளே ரத்தம் கசியும்.

சரி, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாயிற்று. வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள்: "என்னப்பா, எலும்பு முறிஞ்சிருக்குங்கிறாங்க, ஒரு கட்டுக்கூடப் போடலையா?" அடுத்து, நாட்டுக் கட்டுக்கு எங்கே போகலாம் என்று பேச்சு நடக்கும்.

கை, காலை அசையாமல் கட்டிவைக்கலாம். நெஞ்சு நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை விரிந்து சுருங்கியே தீர வேண்டும். ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிகளிலேயே நெஞ்சைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டினார்கள்தான். இறுக்கிக் கட்டினால் மூச்சு மேலோட்டமாகிவிடும், நுரையீரலின் அடிப்பகுதி விரியாது, சளி தேங்கும், நிமோனியா வரும். இது தெரிந்த பிறகு அதைக் கைவிட்டார்கள்.

வலிக்குப் பயந்து நாமே மூச்சை அடக்கினாலும் அதே கதிதான். அதனால்தான் வலி மாத்திரை இங்கே முக்கியமான மருந்து. "எதுக்கு மாத்திரை, தாங்கிக்கிறேன்" என்கிற வீரம் இந்த ஒரு இடத்தில் வேண்டாம். பாராசிட்டமாலில் தொடங்குவார்கள். வேறு வலி மாத்திரையை, முக்கியமாக அல்சரோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள், மெடிக்கலில் தானாக வாங்கிப் போடக்கூடாது. வலி அடங்கவே இல்லையென்றால் விலா நரம்புக்குப் பக்கத்தில் மரத்துப்போகும் ஊசி போடுவதும் உண்டு.

(காட்சி: கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தவர், தலையணையை அடிபட்ட பக்கத்தோடு அணைத்துக்கொள்கிறார்.)

இருமல் வந்தால் அடக்காதீர்கள். இப்படித் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமினால் குத்தல் குறையும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு தடவை, மெதுவாக ஆழமாகப் பத்து மூச்சு. மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி கொடுத்திருந்தால் ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். பீடி, சிகரெட் வேண்டாம். படுத்தே கிடக்காமல் வீட்டுக்குள் நடங்கள்.

எக்ஸ்ரேயில் சின்ன முறிவு தெரியாமல் போவது சகஜம். எக்ஸ்ரே எடுப்பதே நுரையீரலைச் சுற்றிக் காற்றோ ரத்தமோ சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். நெஞ்செலும்பு முறிந்தவருக்கு ஈசிஜியும் எடுப்பார்கள், பின்னாலேயே இதயம் இருக்கிறதே! அடுத்தடுத்த மூன்று விலாக்கள், ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் முறிந்தால், மூச்சு இழுக்கும்போது அந்தப் பகுதி மட்டும் உள்ளே போகும். அது அவசர நிலை. சிலருக்குத் தகடு வைத்து ஆபரேஷன் தேவைப்படும்.

மூச்சுத் திணறல், ரத்தம் கலந்த சளி, காய்ச்சல், வயிற்றிலோ தோளிலோ புது வலி, மயக்கம்: இதில் ஒன்று வந்தாலும் காத்திருக்க வேண்டாம். மலையில் இருந்தால் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள், பைக்கில் பின்னால் உட்காரவைத்து இறக்காதீர்கள்.

மற்றபடி விலா எலும்பு ஆறு வாரத்தில் பெரும்பாலும் கூடிவிடும். நெஞ்செலும்புக்கு இன்னும் சில வாரம் ஆகும். அதுவரை மூட்டை தூக்குவதும் ஏணி ஏறுவதும் கிடையாது. மேஸ்திரி கூப்பிட்டால் கீழே உட்கார்ந்து மிளகு உதிர்க்கிற வேலையைக் கேட்டுப் பாருங்கள், அதுவும் வலி விட்ட பிறகுதான்.