முதல் கிட்டார் வாங்கப் போகிறீர்களா? முதலில் கம்பி உயரத்தைப் பாருங்கள்

[திரையில்: கிட்டாரின் நெக், அதாவது நீண்ட கழுத்துப் பகுதி, மிக அருகில். பன்னிரண்டாவது ஃப்ரெட்டும் அதன் மேலே ஓடும் தடித்த கம்பியும்.]

வணக்கம். கம்பிக்கும், கீழே இருக்கும் ஃப்ரெட் என்ற இந்த உலோகப் பட்டைக்கும் நடுவில் ஒரு இடைவெளி தெரிகிறது, பாருங்கள். இதற்குப் பெயர் ஆக்‌ஷன். முதல் கிட்டார் வாங்குகிறவர்கள் பிராண்டைக் கேட்பார்கள், மரத்தைக் கேட்பார்கள், நிறம் கூடப் பிடித்ததாக இருக்க வேண்டும் என்பார்கள். இந்த இடைவெளியை மட்டும் யாரும் கேட்பதில்லை. குறைந்த விலையில் வாங்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

ஏன் என்றால், கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு பலமாக அழுத்த வேண்டும். புதிதாகப் பழகுகிறவருக்கு விரல் நுனி எப்படியும் சில வாரம் வலிக்கும், அது சகஜம். ஆனால் உயரமான கம்பி அந்த வலியை இரட்டிப்பாக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. அதிக தூரம் அழுத்தும்போது கம்பி இழுபட்டு சுதி ஏறிவிடும். சுதி காட்டும் ட்யூனர் வைத்துச் சரியாக ட்யூன் செய்திருப்பீர்கள், பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி ஒரு கார்டு (chord) பிடித்தால் பிசிறடிக்கும். "நமக்குக் காது சரியில்லை போல" என்று நினைத்து கிட்டாரை மூலையில் வைத்துவிடுவார்கள். பாவம், காதில் ஒரு கோளாறும் இருக்காது.

[திரையில்: எழுத்துகள் புடைக்காத மூன்று ஏடிஎம் கார்டுகள், ஒன்றன் மேல் ஒன்றாக.]

இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஏடிஎம் கார்டின் தடிமன் உலகம் முழுக்க ஒன்றுதான், சுமார் 0.76 மில்லிமீட்டர். மூன்றை அடுக்கினால் ஏறக்குறைய 2.3 வரும். அந்த அடுக்கை, தலைப்பக்கத்திலிருந்து எண்ணிப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல், தடித்த ஆறாவது கம்பிக்கு அடியில் மெதுவாக நுழையுங்கள். ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டாரில் மூன்று கார்டு கம்பியைத் தூக்காமல், லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் நல்ல உயரம். நான்கு கார்டு போட்டும் மேலே இடம் மிச்சம் இருந்தால், அந்தக் கிட்டாரை அப்படியே வாங்காதீர்கள். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கலில் நான்கு, ஐந்து கார்டு நுழைவது சாதாரணம். எலெக்ட்ரிக்கில் இரண்டு கார்டு நுழைந்தால் போதும்.

அப்புறம் நட். நெக்கின் தலைப்பக்கம், கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள வெள்ளை அல்லது கறுப்புத் துண்டு அது. ஒரு கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருக்க வேண்டும். விலை குறைந்த கிட்டார்களில் இந்தப் பள்ளங்களைத் தொழிற்சாலையிலேயே சரியான ஆழத்துக்கு அறுக்காமல் விட்டுவிடுவது உண்டு. எஃப் கார்டு (F chord) பிடிக்க முடியவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு விரலில் குறை இருக்காது, இங்கேதான் இருக்கும் என்பது என் கருத்து.

நல்ல சேதி என்னவென்றால், இரண்டையும் சரி செய்யலாம். கிட்டார் ரிப்பேர் தெரிந்தவர் நட்டின் பள்ளத்தை அரத்தால் ஆழமாக்குவார், உடலில் கம்பிகள் மாட்டியிருக்கும் பிரிட்ஜில், கம்பிகளைத் தாங்கும் சேடில் என்ற துண்டைத் தேய்த்து இறக்குவார், நெக்குக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகி வளைவைச் சரி செய்வார். இதைத்தான் செட்டப் என்கிறார்கள். அதனால் கையில் இருக்கும் பணம் மொத்தத்தையும் கிட்டாரிலேயே போடாதீர்கள். ஒரு படி குறைந்த மாடலை வாங்கி, மிச்சத்தில் செட்டப்பும் ஒரு செட் மெல்லிய கம்பியும் போட்டுக்கொண்டால், அது செட்டப் செய்யாத விலை உயர்ந்த கிட்டாரை விட வாசிக்கச் சுகமாக இருக்கும். ஸ்டீல் கம்பி வாங்கும்போது 0.010 அல்லது 0.011-இல் தொடங்கும் செட் கேளுங்கள். மிக மெல்லிய கம்பியின் தடிமன் அது, அங்குலத்தில்.

[திரையில்: கிளாசிக்கல், அக்கூஸ்டிக், எலெக்ட்ரிக் – மூன்றும் பக்கத்தில் பக்கத்தில்.]

சரி, எந்த வகை வாங்குவது? உங்களுக்கு எந்த இசை பிடிக்குமோ அதற்கு ஏற்றதை வாங்குங்கள். "முதலில் அக்கூஸ்டிக், பிறகுதான் எலெக்ட்ரிக்" என்று ஒரு சட்டமும் கிடையாது. சொல்லப்போனால் விரலுக்கு எலெக்ட்ரிக்தான் இலகு, ஆம்ப்ளிஃபையர் செலவு மட்டும் கூடும். நைலான் கம்பி மென்மையானது. ஆனால் கிளாசிக்கலின் நட் சுமார் 52 மில்லிமீட்டர் அகலம், அக்கூஸ்டிக்கில் 43 அல்லது 44. சின்னக் கைக்கு அந்த அகலம் சிரமம்தான்.

ஒன்று மட்டும் செய்யவே கூடாது: சத்தம் கணீரென்று வரட்டும் என்று கிளாசிக்கலில் ஸ்டீல் கம்பி மாட்டுவது. நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 40 கிலோ விசையில் இழுக்கும். 0.012 ஸ்டீல் செட் 70 கிலோவைத் தாண்டும். பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

உடல் அளவையும் பாருங்கள். கடையில் அதிகம் தொங்குவது டிரெட்நாட் என்ற பெரிய வடிவம். உட்கார்ந்து மடியில் வைத்தால் வலது தோள் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? அப்படியானால் கான்சர்ட் அளவுக்கு இறங்குங்கள். சிறுவர்களுக்கு முக்கால் அளவு கிட்டார் இருக்கிறது.

மரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மேல்பலகை ஒரே மரத்தில் செய்தது என்றால் ஒலி செழுமையாக இருக்கும், உண்மைதான். ஒட்டுப்பலகையில் செய்தது ஈரப்பதம் ஏறி இறங்கினாலும் தாங்கும், விலையும் குறைவு. யமஹாவின் எஃப்310 ஒட்டுப்பலகை, எஃப்ஜி800-இல் ஒரே ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்த மேல்பலகை. இரண்டிலும் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். எலெக்ட்ரிக்கில் ஃபெண்டரின் ஸ்கொயர், கிப்சனின் எபிஃபோன் – பெரிய பெயர்களின் விலை குறைந்த பிரிவுகள் இவை. அறிமுகமில்லாத பெயரில் மலிவாக, பை, பெல்ட், பிக், புத்தகம் எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் வருவதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும். அத்தனையும் கொடுத்துவிட்டு கிட்டாருக்கு எவ்வளவு செலவழித்திருப்பார்கள்?

[திரையில்: ஃபோனில் ட்யூனர் ஆப். ஒரு விரல் பன்னிரண்டாவது ஃப்ரெட்டை அழுத்துகிறது.]

கடையில் கையில் எடுத்ததும் இன்னும் இரண்டு சோதனை. ஃபோனில் இலவச ட்யூனர் ஆப் இருக்கட்டும். கம்பியை அழுத்தாமல் மீட்டி ட்யூன் செய்யுங்கள். பிறகு அதையே பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே வர வேண்டும், முள்ளும் நடுவிலேயே நிற்க வேண்டும். நன்றாக விலகினால் அடுத்த கிட்டாரை எடுங்கள். இரண்டாவது, ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மீட்டிக்கொண்டே போங்கள். எங்காவது 'ஜ்ஜ்' என்று உரசும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். விற்பவர் பொறுமை இழப்பார், இழக்கட்டும். அப்படியே நெக்கின் ஓரத்தை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஃப்ரெட் முனைகள் கையைக் கீறக் கூடாது.

பழைய கிட்டார் என்றால் பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். தாள் உள்ளே போனால் பசை விட ஆரம்பித்துவிட்டது. பிரிட்ஜுக்குப் பின்னால் மேல்பலகை தொப்பை போட்டிருந்தாலும் யோசிக்க வேண்டும். கம்பி துருப்பிடித்திருப்பதை மட்டும் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது மாற்றக்கூடியது, பேரம் பேசவும் உதவும்.

வாங்கியதும் கம்பி மாற்றுவது எப்படி என்று அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.