புகையும் நுரையீரலின் மூப்பும்

நேயர்களுக்கு வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து என்னிடம் சிகிச்சைக்கு வரும் மீனவர் ஒருவர் பதினேழு வயதில் பீடி பிடிக்கத் தொடங்கியவர். ஐம்பத்திரண்டு வயதில், படகிலிருந்து இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடங்களில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது என்றார். “எங்கப்பாவுக்கு எழுபதுல வந்த இளைப்பு எனக்கு இப்பவே வந்துடுச்சுங்க” என்று அவர் சொன்னதைவிடத் துல்லியமாக இன்றைய பேச்சின் பொருளை என்னால் சொல்ல முடியாது.

புகை நுரையீரலில் கரியாகப் படிகிறது என்றே நாம் பொதுவாக எண்ணுகிறோம். அது உண்மைதான், ஆனால் படிவதைவிடப் பெரிய கேடு, புகை அந்த உறுப்பை வயதுக்கு முன்பே மூப்படையச் செய்வதாகும். நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள் உள்ளன. எம்பைசீமா என்னும் நோயில் அவற்றின் மெல்லிய சுவர்கள் சிதைந்து, பல சிற்றறைகள் ஒன்றாகிப் பெரும் பொந்துகளாகிவிடுவதால், ஆக்சிஜன் இரத்தத்தில் கலப்பதற்கான பரப்பு குறைந்துபோகிறது. சுவரைப் பழுதுபார்க்க வேண்டிய செல்கள் பெருகும் திறனை இழந்து, சாகவும் செய்யாமல் வேலையும் செய்யாமல் கிடப்பது இதற்கு ஒரு காரணம்.

இந்த மூப்பைத் தள்ளிப்போடும் புரதங்களுள் ஒன்று சர்ட்-1. இதன் உறவுப் புரதம் ஒன்றை மிகுதியாக்கினால் ஈஸ்ட் செல்களின் ஆயுள் நீள்கிறது என்று 1999ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டியதிலிருந்து, இக்குடும்பத்தின்மீது அறிவியல் உலகின் கவனம் திரும்பியது. பிற புரதங்களில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் என்னும் சிறு வேதித் துணுக்கை அகற்றி அவற்றின் போக்கை மாற்றுவதே சர்ட்-1இன் வேலை. சிகரெட் புகையிலுள்ள வினைமிக்க நச்சுகள் இப்புரதத்தின்மீதே ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்கின்றன. புகைப்பவர்களின் நுரையீரலிலும், எம்பைசீமாவையும் உள்ளடக்கிய நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களின் நுரையீரலிலும் அதன் அளவு குறைந்திருப்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இர்ஃபான் ரஹ்மான் குழுவினர் 2012இல் வெளியிட்ட எலி ஆய்வு இங்கே முக்கியமானது. சர்ட்-1ஐ மரபணு வழியாக மிகுதியாக்கியபோதும், அதைத் தூண்டும் ஒரு வேதிப்பொருளைக் கொடுத்தபோதும், புகைக்கு உட்பட்ட எலிகளின் நுண்ணறைகள் பெருமளவு காக்கப்பட்டன. காற்றுக்குழாயை உள்ளே போர்த்தியிருக்கும் செல்களில் மட்டும் அப்புரதத்தை நீக்கியபோது நோய் முற்றியது. நோய் எதிர்ப்பு வேலை செய்யும் ஒருவகை வெள்ளணுக்களில் நீக்கியபோதோ அப்படி முற்றவில்லை. எனக்கு மிகவும் வியப்பளித்தது இதற்கு அடுத்த முடிவு: புகை கிளப்பும் வீக்க எதிர்வினையான அழற்சியைத் தூண்டும் பாதையைக் காற்றுக்குழாய்ச் செல்களில் அடைத்த பிறகும் எம்பைசீமா தணியவில்லை. ஃபாக்ஸோ-3 என்னும் மற்றொரு புரதத்தைத் திருத்தி, செல்கள் மூப்படைவதைக் குறைப்பதன் வழியாகவே சர்ட்-1 காப்பளிக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை உரிய நோயாளிகளுக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம். அதனால் நோய் திடீரென மோசமாவது குறைகிறது. ஆனால் சிதைந்த சுவர் அதனால் மீள்வதில்லை என்பதை நினைக்கும்போது இந்த முடிவின் கனம் புரிகிறது.

“அப்படியானால் மாத்திரை எங்கே?” என்று கேட்பீர்கள். எலிக்குக் கிடைத்தது மனிதருக்குக் கிடைத்ததாகாது. சர்ட்-1ஐத் தூண்டும் மருந்துகளை நம்பி, கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் நிறுவனம் 2008இல் ஒரு சிறு நிறுவனத்தை 72 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த வகையில் நுரையீரலுக்கான மருந்து எதுவும் கடைக்கு வரவில்லை. சர்ட்-1ஐத் தூண்டும் எனக் கருதப்பட்ட, திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் என்று சொல்லி விற்கப்படும் குளிகைகளை வாங்கலாமா என்று புதுச்சேரியிலிருந்து வருபவர்கள் கேட்கிறார்கள். அந்தப் பொருளில் மிகச் சிறு பங்கே மாறாமல் இரத்தத்தைச் சென்றடைகிறது என்பதால், வேண்டாம் என்றே சொல்லிவருகிறேன்.

முப்பது வயதுக்குப் பிறகு, புகைக்காதவர்களுக்கும் ஒரு நொடியில் ஊதக்கூடிய காற்றின் அளவு ஆண்டுக்குச் சுமார் 25 முதல் 30 மில்லிலிட்டர் குறைகிறது. புகையால் எளிதில் பாதிக்கப்படுபவர்களுக்கு இக்குறைவு ஏறக்குறைய இருமடங்காகும். புகையை விட்டுவிட்டால் அந்த வேகம் பெரும்பாலும் இயல்புக்குத் திரும்புகிறது, இழந்த கொள்ளளவு திரும்புவதில்லை. பீடியை விட்டு ஓராண்டு ஆன அந்த மீனவரைச் சென்ற மாதம் மறுபடியும் கருவியில் ஊதச் சொல்லிப் பார்த்தோம். அளவு கூடவில்லை, சென்ற ஆண்டு இருந்ததைவிடக் குறையவும் இல்லை. “அப்ப சரிங்க” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.